ஓடக்காரியைத் தேர்ந்தெடுத்த பெண்

திருத்தணி
28-6-1946

அன்புள்ள அக்கா ரஞ்சிதத்துக்கு,

தம்பி துரைக்கண்ணு எழுதுகிறேன். நானும் உன் மகள் சந்திராவும் நலம். துணைக்கு வந்து இருக்கிற கெங்கம்மாள்தான் முட்டிவலி என்று முனகிக்கொண்டே சமைக்கிறாள். சமையலும் முனகுகிறது. மச்சினனை மறக்காமல் பாவா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய துண்டுகள் வந்து சேர்ந்தன. நூல் தட்டுப்பாட்டிலும் இதை எப்படி நெய்தார் என்று எனக்குப் புரியவில்லை.

இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே ஒரு சந்தோஷத்தைச் சொல்லத்தான். நான் நடத்துகிற நாலாவது பாரம் வகுப்புக்கு இந்த வருஷம் துணைப்பாடமாக ஒரு நாவல் வந்திருக்கிறது. பெயர் 'சிங்கக்கோட்டை இளவல்'. ஒரு வாலிபன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஆறு மலையெல்லாம் தாண்டி, பறிபோன கோட்டையை மீட்கிற கதை. எனக்கு முன்னால் இருந்த வாத்தியார் துணைப்பாடத்தைப் பையன்களை விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் தூங்குவாராம். எனக்கு அப்படிச் சம்பளம் வாங்க மனம் வரவில்லை. பாதிக் கதை வந்ததும் புத்தகத்தை மூடச் சொன்னேன். இந்தக் கதையில் உங்களுக்கு நாயகர் யார், உங்கள் கனவு என்ன, ஒவ்வொருவராக எழுந்து சொல்லுங்கள் என்றேன்.

முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பிள்ளைகளை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. அப்புறம் வரிசையாக எல்லாரும் இளவலே ஆனார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து நடந்து வருகிற முனியன் மட்டும் இளவலின் குதிரையாக வேண்டும் என்றான். அதற்குத் தினமும் கொள்ளு கிடைக்கிறதாம், ரேஷன் கிடையாதாம். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

பிறகு பெண்கள் பெஞ்சிலிருந்து நம் சந்திரா எழுந்தாள். ஓடக்காரி என்றாள். வெள்ளத்தில் இளவலை அக்கரை சேர்க்கிற ஒருத்தி கதையில் வருகிறாள். இரண்டே பக்கம். எழுதினவர் அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஏனம்மா அவள் என்று கேட்டேன். "அவங்க இன்னா ஜாதி, எதுக்குப் போறேன்னு ஒண்ணும் கேக்கல சார். ஏறுன்னாங்க, அவ்ளோதான்" என்றாள். கனவு என்ன என்றேன். நர்ஸ் ஆகவேண்டும் என்றாள். "எங்கம்மாவுக்குத் தம்பி பொறந்தப்ப ஆத்துல வெள்ளம். நர்சம்மா அக்கரையிலயே நின்னுகினு இருந்தாங்களாம். நானா இருந்தா வந்திருப்பேன் சார்."

அக்கா, அதற்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை.  ஒரு கதைப் புத்தகத்தால் இவ்வளவு ஆகுமா என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ பெற்றது சாதாரணப் பெண் இல்லை.

உன் தம்பி,
துரைக்கண்ணு


பொதட்டூர்பேட்டை
விய வருஷம் ஆனி மாதம் 23

சிரஞ்சீவி தம்பி துரைக்கண்ணுவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன் கடுதாசியை உன் பாவாதான் பிரித்தார். தறியில் நூல் இல்லாமல் கை சும்மா கிடப்பதால் இப்போதெல்லாம் வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் அவரே படிக்கிறார், அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி. அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குதிரை ஆகவேண்டும் என்ற பையனுக்கு எல்லாரும் சிரித்தார்கள். சந்திரா சொன்னது வந்ததும் அவர் குரல் நின்றுவிட்டது. மீதியை நான்தான் உள்ளே எடுத்துப்போய் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

தங்காமல் போன அந்தப் பிள்ளையைப் பற்றி நான் அவளிடம் ஒரு நாளும் பேசியதில்லை. யார் சொன்னார்களோ. அன்றைக்கு முழுவதும் எனக்குக் கை ஓடவில்லை, குழம்பில் உப்புகூடப் போடவில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன். கதைப் புத்தகம் என்றால் கதையைச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே. வயதுக்கு வந்த பெண்ணைப் பத்துப் பையன்கள் நடுவில் எழுப்பி, உன் கனவு என்ன என்று கேட்பானேன்? அவள் ஓடம் என்கிறாள், நீ பூரித்துப்போகிறாய். இங்கே கரையில் நிற்பவள் நான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. கல்யாணமாகாத மாமன் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் என்று முன்பே முணுமுணுத்தார்கள். கெங்கம்மாள் இருக்கிறாள் என்று நான் வாயடைத்து வந்தேன். இப்போது நர்ஸ் என்றதும் உன் பாவா பயந்துவிட்டார். கோபமில்லை, பயம்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொறைக்காரன் அவன் இருக்கறப்ப வேற எடம் பாக்கறது தப்பு. ஆவணியில அவனே தாலி கட்டட்டும். அப்பால நர்ஸோ டாக்டரோ அவன் பாடு, அவ பாடு." நீ வேண்டாம் என்றால், நகரியில் இருக்கிற என் நாத்தனார் எல்லம்மாளின் மகன் கோதண்டபாணிக்குக் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்புகிறார்கள்.

அக்கா மகளைக் கட்டுவது நம்மில் புதிதா? பெரியவளானபோது மாமன் முறைக்குப் பச்சை ஓலையில் குச்சு கட்டி அவளை உட்கார வைத்தவனே நீதானே. நிதானமாக யோசித்து எழுது. தினம் எண்ணெய் தேய்த்துக்கொள், தலை சூட்டில்தான் உனக்குப் புத்தி இப்படிப் போகிறது.

அக்கா


திருத்தணி
11-7-1946

அன்புள்ள அக்காவுக்கு,

நீயா இதை எழுதினாய்? சந்திரா நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்து, மூக்கைச் சிந்திவிட்டு, அ ஆ எழுதக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை. நான் குச்சு கட்டியது மாமன் கடமைக்காக. அதை முன்பணம் மாதிரி இப்போது காட்டாதே. என்னால் முடியாது. ஊர் வழக்கம் என்பதற்காக என் கண்ணை நான் மாற்றி வைத்துக்கொள்ள முடியுமா?

கோதண்டபாணி நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு அவன் வேண்டியதில்லை, அவனுக்கும் அவசரமில்லை. பாவாவிடம் இரண்டு வருஷம் கேட்டு வாங்கிக்கொடு. பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கட்டும். நர்ஸ் படிப்புக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

கனவு என்ன என்று கேட்டது தப்பு என்கிறாய். வகுப்பில் எல்லாரையும்தான் கேட்டேன். கோட்டை பிடிப்பேன் என்று சொன்ன பையன்கள் வீட்டில் யாராவது உலையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்களா? ஒரு பெண் வாய் திறந்தால் மட்டும் ஏன் அக்கா ஆவணியில் முகூர்த்தம் வருகிறது?

சந்திராவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவள் பூகோளத்தில் வகுப்பில் முதலாக வந்திருக்கிறாள். ஓடக்காரிக்குப் பெயர் வைக்கலாமா என்று நேற்றுக் கேட்டாள். வை என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

நீயாவது என் பக்கம் நில். நீ சொன்னால் பாவா கேட்பார்.

துரைக்கண்ணு


பொதட்டூர்பேட்டை
ஆடி மாதம் 2

தம்பி துரைக்கண்ணுவுக்கு,

நான் சொன்னால் பாவா கேட்பார் என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

ஆனால் ஒன்று. இரவெல்லாம் யோசித்துவிட்டு, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு வருகிறேன், பெண் விஷயமாகப் பூக் கட்டிப் பார்த்துவிடலாம் என்கிறார். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒரு பொட்டலத்தில் சிவப்பு. மனதில் நினைத்துக்கொண்ட காரியத்துக்கு வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். உனக்குத் தெரியாததா. படித்தவன் என்று சிரிக்காதே. மனுஷர் யார் சொல்லியும் அவர் கேட்கமாட்டார், சாமி சொன்னால் கேட்பார்.

பொட்டலம் கட்டுவது என் வேலை. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அவர் முன்னால் தர்க்கம் பண்ணாமல் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சந்திராவுக்கு அன்றைக்குத் தலை குளிப்பாட்டிக் கூட்டிவா.

அக்கா


திருத்தணி
25-7-1946

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? அவ்வளவு கூட்டத்தில் பாவா காவடியோடு படியேறியதைப் பார்த்தபோது அவரைப்பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு என்று தோன்றியது. தோள் சிவந்துபோயிருந்தது.

அடிவாரத்துப் பிள்ளையார் முன்னால் கூட்டத்திலிருந்து கூப்பிட்ட அந்தச் சின்னக் குழந்தை பொட்டலத்தை எடுத்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். நான் பூவை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் பாவா இலையைப் பிரித்து வெள்ளை அரளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் என்னை அறியாமல் கும்பிட்டுவிட்டேன். அவர் அழுதார், நீ அழுதாய், சந்திரா உங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள். நினைத்ததை வீடு போய்ச் சேரும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று பாவா வாயை இறுக்கிக்கொண்டார். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, முகத்திலேயே தெரிந்தது.

எல்லாரும் போன பிறகு அவளிடம் சொல்லிவிட்டேன். உன் நைனா உன் படிப்புக்காகத்தான் பூக் கட்டினார், வெள்ளை வந்துவிட்டது என்றேன். அவள் சரவணப்பொய்கை வரைக்கும் ஓடிப்போய்க் கால் நனைத்துவிட்டு வந்தாள். கெங்கம்மாள் திட்டினாள், அப்புறம் அவளே பாயசம் வைத்தாள்.

இன்றைக்கு வகுப்பில் கோட்டை முற்றுகை வரை படித்தோம். பாவாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

துரைக்கண்ணு


பொதட்டூர்பேட்டை
ஆடி மாதம் 14

தம்பி,

இந்தக் கடுதாசியை அவர் நூல் ரேஷனுக்கு வரிசையில் நிற்கப் போயிருக்கிற நேரத்தில் எழுதுகிறேன். உன் கடுதாசியை அவர் கண்ணில் படாமல் வாங்கிவிட்டேன். படித்துவிட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்து அழுதேன்.

நீ நினைத்ததுபோலத்தான் நானும் நினைத்தேன். பெண் படிக்கலாமா என்றுதான் அவர் கேட்கப்போகிறார், வெள்ளை வந்தால் விட்டுவிடுவார் என்று. அதனால் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன். குழந்தை எதை எடுத்தாலும் வெள்ளைதான்.  முருகா, ஒரு பெண்பிள்ளைக்காக, பொறுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டேதான் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு அவர் சொன்னார். "ஆவணியில கல்யாணத்த வைக்கட்டுமான்னு கேட்டேன். வெள்ளையே குடுத்துட்டான்."  சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். சிவப்பு வந்திருந்தால் இரண்டு வருஷம் படிக்கட்டும், உன் தம்பி ஆசைப்படியே போகட்டும் என்று விட்டிருப்பாராம்.

நான் ஒழுங்காக ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் வைத்திருந்தால் அவளுக்குப் பாதிக்குப் பாதியாவது வழி இருந்திருக்கும். அதையும் நானே அடைத்துவிட்டேன். சாமியை ஏமாற்றப் போனேன், அவர் என் கையாலேயே என் பெண்ணைக் கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் உன்னிடம் வருகிறார், தாம்பூலத்தோடு. நீ சரி என்று சொல்லிவிடேன். அவள் உன்னோடு இருந்தால் பள்ளிக்கூடமாவது போவாள் இல்லையா? அக்கா காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்.

ரஞ்சிதம்


திருத்தணி
4-8-1946

அக்காவுக்கு,

பாவா வந்தார், பேசினார், சந்திராவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இது உன் கைக்கு வருமுன் அவள் உன் பக்கத்தில் இருப்பாள். ஆனாலும் நடந்ததை அவள் சொல்லமாட்டாள், அதனால் எழுதுகிறேன்.

அவர் தாம்பூலத்தட்டை வைத்துவிட்டுச் சத்தமே போடாமல் பேசினார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். நான் முடியாது என்றேன். மறுபடி கேட்டார், மறுபடி அதையே சொன்னேன். "சாமி உத்தரவுடா. நான் இன்னா பண்ண முடியும்?" என்றார். நீ இல்லையென்றால் எல்லம்மாள் மகன், ஆவணியைத் தாண்டாது என்று சொல்லிவிட்டுப் பஸ் நேரம் கேட்க வெளியே போனார்.

அப்போதுதான் சந்திரா அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாமா, நீங்களே கட்டிக்கங்க. நான் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய்க்கினு இருப்பேன். ஒரு தொந்தரவும் பண்ணமாட்டேன்."

அக்கா, இந்த வார்த்தையைக் கேட்கவா நான் அவளைக் கனவு காணச் சொன்னேன்?

 ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த பதிலை எடுத்துக் கொடுத்தேன். கல்யாணமாகாத பெண்களையும் கைம்பெண்களையும் மட்டும்தான் அந்தப் படிப்புக்குச் சேர்ப்பார்களாம். என்னைக் கட்டினாலும் அவளால் நர்ஸ் ஆக முடியாது. இரண்டு தடவை படித்தாள். அப்படீங்களா மாமா என்றாள். உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பள்ளிக்கூடப் புத்தகங்களை வரிசையாக என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஒரு வழிதான் இருக்கிறது. இரண்டும் வெள்ளை என்று பாவாவிடம் நீ உண்மையைச் சொல். திட்டுவார், ஒரு வாரம் பேசமாட்டார், அவ்வளவுதானே. பிறகு ஒழுங்காகக் கட்டி மறுபடி கேட்கட்டும். நான் பூவை நம்பாதவன், இப்போது ஒரு சிவப்பு அரளிக்காகக் கெஞ்சுகிறேன்.

துரைக்கண்ணு


பொதட்டூர்பேட்டை
ஆடி மாதம் 27

தம்பி துரைக்கண்ணுவுக்கு,

கைம்பெண் என்ற வார்த்தையை என் பெண் பெயர் இருக்கிற காகிதத்தில் இனி எழுதாதே. அந்த இடத்தை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டேன்.

உண்மையைச் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவின பிறகு, காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் தலையில் கை வைத்து, "ரெண்டும் வெள்ளையா வைக்கணும்னு உனக்குத் தோண வச்சது யாரு? அவன்தானே?" என்றார்.  இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது. நீ படித்தவன்.

அதற்குப் பிறகு அவருக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் போய்விட்டது. நகரிக்கு ஆள் அனுப்பிவிட்டார். ஆவணி இருபதுக்கு மேல் முகூர்த்தம். எல்லம்மாள் வீட்டில் நூல் பஞ்சமில்லை, கோதண்டபாணி குடிக்கிறவன் இல்லை. பெண் பட்டினி கிடக்கமாட்டாள். அதை நினைத்துத்தான் நான் தூங்குகிறேன்.

சந்திரா தறிக்குத் தார் நூல் சுற்றுகிறாள். யாரும் சொல்லவில்லை, அவளே உட்கார்ந்துவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், சாப்பிடுகிறாள்.

நீ வராமல் இருக்கலாம் என்று நினைப்பாய். அது முடியாது. முறை மாமன் நீ. சபையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு, எனக்குச் சம்மதம் என்று சொன்னால்தான் இன்னொருத்தன் தாலி கட்டமுடியும். மணையில் உட்கார வைக்கக் கையைப் பிடித்து அழைத்து வரவேண்டியதும் நீதான். வா தம்பி.

அக்கா


திருத்தணி
21-9-1946

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணத்தன்று உன்னிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. சாப்பாடு இறங்கவில்லை.

நீ உள்ளே பந்தி வேலையில் இருந்தாய், பார்த்திருக்கமாட்டாய். சபையில் பெரியவர் என்னைப் பார்த்து, "மொறை மாமன் சம்மதந்தானே?" என்று கேட்டார். எல்லாரும் திரும்பினார்கள். அவளும் தலையை நிமிர்த்தினாள். அவ்வளவு பேரில் அந்தக் கல்யாணத்தை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் நான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மணையில் நான் உட்காரவேண்டும். எனக்குக் கொடுத்திருந்த அதிகாரம் அவ்வளவுதான். சம்மதம் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கையைப் பிடித்து அழைத்துப்போனபோது கை ஜில்லென்று இருந்தது. கோதண்டபாணி எழுந்து நின்று என்னைக் கும்பிட்டான். அவனை வெறுக்கலாம் என்று வந்தேன், அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

இங்கே நாவலை முடித்துவிட்டோம். நான் பாடம் நடத்திய விதத்தைத் தலைமையாசிரியர் இன்ஸ்பெக்டரிடம் புகழ்ந்திருக்கிறார். பிள்ளைகளின் கனவுகளை வெளியே கொண்டுவருகிறாராம் துரைக்கண்ணு. இன்ஸ்பெக்டர் பார்க்க ஆசைப்பட்டார். நாலாவது பாரம் 'பி' பிரிவில் அதே பாடத்தை எடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

நேற்று எடுத்தேன். இன்ஸ்பெக்டர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கதை சொன்னேன், புத்தகத்தை மூடச் சொன்னேன், உங்கள் நாயகர் யார், உங்கள் கனவு என்ன என்று கேட்டேன். பையன்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பட்டாளம் என்றார்கள், ரயில் என்றார்கள், ஒருவன் கலெக்டர் ஆனான். இன்ஸ்பெக்டர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இந்தப் பிரிவில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். நான் அவர்கள் பெஞ்சுப் பக்கமே போகாமல் கரும்பலகைக்குத் திரும்பிவிட்டேன்.

அதில் மணியம்மை என்று ஒரு பெண், பேருக்குக்கூட வாய் திறக்காதவள், அவளாகவே எழுந்து நின்றாள். "சார், எங்கள நீங்க கேக்கலியே" என்றாள். அவளிடம் பதில் தயாராக இருந்தது அக்கா, முகத்திலேயே தெரிந்தது.

நேரமாகிவிட்டது, உட்காரம்மா என்றேன். மணி அடிக்க இன்னும் பாதிப் பீரியட் இருந்தது.

உன் தம்பி,
துரைக்கண்ணு